ஈரக் கையும் மின்சாரமும்

கண்டிக்கு அண்மையில், மகாவலி கங்கை வளைந்து செல்லும் ஓரூரிலிருந்து தாய் ஒருவர் எமக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். ஐப்பசி மழை தொடங்கிய நாள் முதலாக அவர் வீட்டு ட்ரிப் சுவிட்ச் ஓயாமல் விழுந்து வீட்டை இருளில் ஆழ்த்துகிறதாம். ஒரு நாள் மாலை, குளித்துவிட்டு ஈரம் உலராத காலோடு சமையலறைக்குள் வந்த அவருடைய பத்து வயது மகன், குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் தொட்டதும் 'சுரீர்' என்று கையை உதறிக்கொண்டு அலறினானாம். அந்தக் கணத்திலேயே சுவிட்ச் விழுந்து விளக்கும் அணைந்து போயிற்றாம். "இருட்டில் பிள்ளையைத் தேடித் தடுமாறினோம்" என்று வருந்தி எழுதுகிறார்.

"சின்ன அதிர்ச்சிதானே, அதற்கென்ன?" என்பது கணவரின் கருத்து. அயலில் மின்வேலை ஓரளவு தெரிந்த ஒருவரோ, "ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராகக் கம்பியைக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று கூறி, வருகிற போயா விடுமுறையன்று அதனைச் செய்து தருவதாகவும் வாக்களித்திருக்கிறார். "செய்விக்கலாமா, கூடாதா?" என்று அத்தாய் கேட்கிறார்.

ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், காரணம் அறியாது ஏற்றுக்கொண்ட புத்திமதி நெடுநாள் நிலைப்பதில்லை. ஆதலின், மின்சாரம் என்பது யாது, அது மனித உடலினுள் எவ்வழியே செல்கிறது, சென்று என்ன செய்கிறது என்பனவற்றை இவ்வாரம் சிறிது விரிவாக ஆராய்வோம். விடையை நேயர்களே கண்டுகொள்வார்கள்.

மலையிலிருந்து இறங்கும் ஆற்றல்

மலைநாட்டில் வாழ்கின்றவர்களுக்கு மின்சாரத்தை விளக்குவது எளிது. நீரைக் கொண்டே விளக்கிவிடலாம். கண்டியிலிருந்து தெல்தெனியப் பக்கம் செல்வோர் விக்டோரியா அணையைக் கண்டிருப்பர். 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அவ்வணை 122 மீற்றர் உயரமானது. அங்கே தேங்கி நிற்கும் மகாவலி நீர் உயரத்திலிருந்து இறங்கிச் சுழலிகளைச் சுழற்றி, 210 மெகாவாற்று வரை மின்வலுவைத் தரவல்லது. இதற்கெல்லாம் முன்னோடியானது 1950ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய லக்ஷபான மின்நிலையமாகும். அத்தகைய திட்டம் இந்நாட்டுக்கு உகந்தது என்று 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்து வாதாடியவர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள்.

அணையில் நீரின் உயரம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக அது கீழ்நோக்கித் தள்ளப்படும். மின்சாரத்தில் இத்தள்ளும் வன்மையே மின்னழுத்தம். அதனை வோல்ற்றில் அளக்கிறோம். குழாயினூடே ஒரு செக்கனில் பாயும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அளவு அம்பியர். குழாய் குறுகியதாயும் அடைசல் மிகுந்ததாயும் இருந்தால் நீர் தடைப்படுவது போல, கடத்தும் பொருள் மின்னோட்டத்துக்குத் தடை செய்கிறது. அதன் அளவு ஓம். ஜேர்மனிய அறிஞர் ஜோர்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட விதி இம்மூன்றையும் ஒன்றாய்ப் பிணைத்துவிட்டது. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஒருவர் பிழைப்பதும் இறப்பதும் இந்தச் சிறு வகுத்தற் கணக்கைப் பொறுத்தே இருக்கிறது.

வட்டம் நிறைவுற வேண்டும்

நீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நீர் குழாயின் வாய் திறந்தால் கொட்டிவிடும். மின்சாரமோ புறப்பட்ட இடத்துக்கே மீள்வதற்கு வழியிருந்தால் மாத்திரமே ஓடும். காகம் மின்கம்பியில் அமர்ந்திருந்தும் அதற்கு ஊறு நேராததன் காரணம் இதுவே. அதன் இரு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு இல்லையென்று சொல்லுமளவுக்கு மிகச் சிறியது.

ஆனால் பேராதனைப் பூங்காவின் மரங்களில் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் பாருங்கள். மாலையில் கூட்டமாய்ப் புறப்படும் அவற்றுள் ஒன்று, விரிந்த சிறகால் இரு கம்பிகளை ஒருங்கே தொட்டுவிட்டால் அக்கணமே மாண்டு, அங்கேயே தொங்கிக் கிடக்கும். காகத்துக்கும் வௌவாலுக்கும் உள்ள பேதம், வட்டம் நிறைவுறாமையும் நிறைவுற்றமையுமே.

நிலத்தில் நிற்கும் மனிதனோ எப்பொழுதும் பாதி வட்டமாகவே நிற்கிறான். ஏனெனில், வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் மாற்றியின் ஒரு முனை நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. உயிர்க்கம்பியை அவன் கை தொட்டதும், கையிலிருந்து உடலினூடாகக் காலுக்கும், காலிலிருந்து நிலத்துக்குமாக வட்டம் பூர்த்தியாகிவிடுகிறது.

தோல் என்னும் வாயிற்காவலன்

எமது வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. உடலின் தடை எவ்வளவு? இங்கேதான் தோலின் பெருமை விளங்குகிறது. தோலின் மேற்படை உயிரற்ற, உலர்ந்த கலங்களால் ஆனது. அது மின்சாரத்தை எளிதில் விடுவதில்லை. காய்ப்பேறிய, நன்கு உலர்ந்த கை ஒரு கம்பியை இலேசாகத் தொடும்போது தடை 100,000 ஓம் வரை இருக்கக்கூடும். 230ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது 2.3 மில்லி அம்பியர், அதாவது ஓர் அம்பியரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். 'சுரீர்' என்று உணர்ந்து கையை எடுத்துவிடலாம்.

அதே தோல் நனைந்துவிட்டால் தடை ஏறத்தாழ 1,000 ஓமாக வீழ்ந்துவிடும். இப்பொழுது கணக்கு 230 மில்லி அம்பியர் என்று வருகிறது. அதே மனிதன், அதே கம்பி, அதே வீடு. ஓட்டம் மட்டும் நூறு மடங்காகிவிட்டது. 60 வாற்றுப் பழைய மின்குமிழ் ஒன்று ஒளிர்வதற்கு வேண்டிய ஓட்டத்திலும் இது சற்றுக் குறைவே. ஆயினும் ஓர் உயிரைப் பறிக்க அது மிகையாகப் போதும்.

"அப்படியானால் கையைத் துடைத்துவிட்டுத் தொடலாமே" என்று எவரும் துணிய வேண்டாம். இறுகப் பற்றினாலும், அகன்ற பரப்புத் தொட்டாலும், வியர்வை இருந்தாலும், தோலில் ஒரு கீறல் இருந்தாலும் தடை மளமளவென்று குறையும். 230 வோல்ற்றின் முன் உலர்ந்த தோலும் சிறிது நேரத்தில் தன் காவலைக் கைவிட்டுவிடும். நம்பத் தகாத காவலன் அவன்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மோட்டார் வண்டியின் மின்கலவடுக்கு, இயந்திரத்தைக் கிளப்பும் வேளையில் நூற்றுக்கணக்கான அம்பியரைத் தரவல்லது. ஆயினும் உலர்ந்த கையால் அதன் முனைகளைத் தொட்டால் ஒன்றும் தெரிவதில்லை. அதன் 12 வோல்ற்று அழுத்தத்துக்குத் தோலைக் கடந்து செல்லும் வலிமை இல்லை. கண்டிப் பெரஹராவில் யானைகளின் ஆடைகளில் மின்குமிழ்கள் மின்னுவதைக் கண்டு குழந்தைகள் வியப்பதுண்டு. வீட்டு மின்சாரத்தை அங்ஙனம் யானைமேல் ஏற்றுவதைக் கனவிலும் நினைக்க முடியாது. மின்கலத்தின் சிறிய அழுத்தமே அவ்வழகைச் சாத்தியமாக்குகிறது.

உடலினுள்ளே நடப்பது

தோலைக் கடந்துவிட்டால் உள்ளே மின்சாரத்துக்கு வரவேற்புத்தான். எமது உடலில் பாதிக்கு மேற்பட்டது நீர். அதுவும் உப்பு நீர். உலோகக் கம்பியில் ஓட்டத்தைச் சுமப்பவை இலத்திரன்கள். உடலிலோ சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு முதலிய அயன்கள் அப்பணியைச் செய்கின்றன. ஆதலால் குருதி, நரம்பு, தசை ஆகிய ஈரம் மிக்க இழையங்கள் நல்ல கடத்திகள். கொழுப்பும் எலும்பும் அவ்வளவு எளிதில் கடத்துவதில்லை. தோலை நீக்கிவிட்டால், ஒரு கையிலிருந்து மறு கைக்கோ காலுக்கோ உள்ள தடை சில நூறு ஓமுக்கு மேற்படாது.

மின்சாரம் ஒரே பாதையைத் தெரிந்தெடுத்துச் செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கிடைக்கும் எல்லாப் பாதைகளிலும் அது பிரிந்து செல்லும். தடை குறைந்த பாதையில் மிகுதியாகவும், கூடிய பாதையில் குறைவாகவும் செல்லும். அகன்ற மார்பில் அது பரந்துவிடுகிறது. ஒடுங்கிய மணிக்கட்டிலும் கணைக்காலிலும் நெருக்குண்டு ஓடுவதால் அங்கே வெப்பம் மிகுகிறது. உயர் அழுத்தக் கம்பிகளால் தாக்குண்டோரின் தோலில் சிறு தழும்பு மாத்திரம் காணப்பட, உள்ளே தசை ஆழமாக வெந்திருப்பதுண்டு. வெந்த தசையிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தையும் பழுதாக்க வல்லது. வெளிக்காயத்தைக் கண்டு ஆறுதல் அடைதல் இதனாலேயே தகாது.

உடலைக் கொண்டே மின்சாரத்தை அளந்த ஒருவரும் இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில், அளவுகருவிகள் தோன்றாத காலத்தில், இங்கிலாந்தின் ஹென்றி கவெண்டிஷ் என்னும் அறிஞர் பல்வேறு கடத்திகளினூடாகத் தாம் பெற்ற அதிர்ச்சியின் வன்மையை ஒப்பிட்டே அவற்றின் தடையைக் கணித்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1879ஆம் ஆண்டிலேயே மக்ஸ்வெல் என்பாரால் வெளியிடப்பட்டன. நேயர்கள் எவரும் இப்பரிசோதனையைப் பின்பற்ற வேண்டாமென்று வேண்டுகிறோம்!

மின்சாரம் இழுக்கிறதா?

"கரண்ட் அவனை இழுத்துக்கொண்டது" என்று நாம் கூறுவது வழக்கம். உண்மையில் அது எவரையும் இழுப்பதில்லை. இத்தாலியின் பொலோனா நகரில் லூயிஜி கல்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு, 1791ஆம் ஆண்டு அதனை உலகுக்கு அறிவித்தார். நரம்பின் செய்திகள் யாவும் மின் செய்திகளே என்று பிற்காலத்தார் தெளிந்தனர். மூளை தசைக்கு அனுப்பும் கட்டளை மிக நுண்ணிய மின்மாற்றமாகும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அக்கட்டளையைப் போலியாகப் பிறப்பிக்கிறது. வீட்டு மின்சாரம் ஆடலோட்டம் ஆதலின், ஒரு செக்கனில் 50 முறை முன்னும் பின்னுமாக அலைந்து, தசையை இளைப்பாற விடாது சுருங்கியபடியே வைத்திருக்கும்.

கையை மூடும் தசைகள் விரிக்கும் தசைகளிலும் வலியவை. ஆகவே கை கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறது. விட்டுவிட அவன் விரும்புகிறான், கை கேட்பதில்லை. மனிதன் தானாகவே விடுவித்துக்கொள்ளக் கூடிய ஓட்டத்தின் எல்லையை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் டல்சியேல் தொண்டர்களைக் கொண்டு ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி அம்பியர்; பெண்களுக்கு 10 முதல் 11 வரை. குழந்தைகளுக்கு இதனிலும் குறைவென்றே கொள்ள வேண்டும். அதற்கு மேற்பட்டால் மார்புத் தசைகளும் இறுகி மூச்சுத் தடைப்படலாம்.

இதயத்தின் தாளம்

எல்லாவற்றிலும் கொடியது இதயத்துக்கு நேர்வது. இதயத்தின் துடிப்பும் மின் கட்டளையால் நிகழ்வதே. அதன் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு இழையம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை கட்டளை பிறப்பிக்க, அறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிகின்றன. வைத்தியசாலையில் நெஞ்சிலும் கைகால்களிலும் தகடுகளை ஒட்டி எடுக்கும் ஈ.சி.ஜி. படம், தோல்வரை வந்து சேரும் இவ்வோட்டத்தின் சாயலேயாம். அவ்வித்தையைச் செம்மையாக்கிய ஒல்லாந்த அறிஞர் ஐந்தோவனுக்கு 1924ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது.

ஏறத்தாழ 100 மில்லி அம்பியர் அளவான ஓட்டம் ஒரு கையிலிருந்து கால்வரை ஓரிரு செக்கன்கள் சென்றால், இதயத்தின் கீழறைகள் தாளம் தவறி வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இதயம் குருதியைச் செலுத்தாது. சில நிமிடங்களில் மூளை பழுதுறும். மின்சாரத்தால் இறந்தோரின் உடலில் பல வேளைகளில் ஒரு காயமும் காணப்படாததன் காரணம் இதுவே.

இந்நோய்க்கு மருந்தும் மின்சாரமே என்பது வியப்பு. நடுங்கும் இதயத்துக்கு ஒரு வலிய அதிர்ச்சி கொடுத்தால், அது ஒரு கணம் ஓய்ந்து, மீண்டும் தன் தாளத்தைப் பற்றிக்கொள்ளும். அமெரிக்க வைத்தியர் குளோட் பெக் 1947ஆம் ஆண்டு மனிதர் ஒருவரை இவ்வழியால் முதன்முதலாக மீட்டார். மார்பைக் கையால் அழுத்தி உயிர் காக்கும் முறையைக் கண்டு 1960ஆம் ஆண்டு வெளியிட்ட மூவருள் ஒருவரான கூவென்ஹோவன் வைத்தியரே அல்லர், மின்பொறியியலாளர். மின்கம்பிகளில் வேலை செய்வோரின் மரணங்களே அவரை இவ்வாராய்ச்சிக்கு இழுத்துவந்தன.

இனிக் கடிதத்துக்கு வருவோம்

ட்ரிப் சுவிட்ச் செய்வது யாது? வீட்டுக்குள் புகும் ஓட்டத்தையும் மீண்டு செல்லும் ஓட்டத்தையும் அது ஓயாது ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாயின் அமைதியாக இருக்கும். புகுந்தது கூடி, மீண்டது குறைந்தால், எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் நிலத்துக்குக் கசிகிறது என்பது பொருள். அக்கசிவு ஈரச் சுவராகவும் இருக்கலாம். ஒரு குழந்தையின் உடலாகவும் இருக்கலாம். வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டும் முன்னரே, கண்ணிமைக்கும் பொழுதில் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இப்பொழுது அத்தாய் எழுதியதை மீண்டும் படித்துப் பார்ப்போம். மகன் கதவைத் தொட்டான். அந்தக் கணத்திலேயே சுவிட்ச் விழுந்தது. அம்மா, நீங்கள் தொல்லையென்று எழுதிய அவ்விருளே உங்கள் பிள்ளையைக் காத்தது. ஈரக் காலோடு நின்ற அவன் உடலினூடாக ஓடிய மின்சாரத்தை வேறெதுவும் நிறுத்தியிருக்க இயலாது. அந்தச் சுவிட்சையா கழற்றப் போகிறீர்கள்? நாய் குரைத்துத் தூக்கம் கெடுகிறதென்று நாயைத் துரத்திவிட்டுக் கதவையும் திறந்துவைத்துத் தூங்கலாமா?

செய்ய வேண்டியது வேறு. கசிவு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலாவது சந்தேகம் குளிர்சாதனப் பெட்டிமீது. அதன் உலோக உடல் நிலக்கம்பியோடு சரியாக இணைந்திருந்தால், கசிந்த மின்சாரம் அக்கம்பி வழியே சென்றிருக்கும். சிறுவன் தொடுமுன்னரே சுவிட்ச் விழுந்திருக்கும். அவன் தொட்ட பின்னரே விழுந்தமையால், நிலக்கம்பி அறுந்தோ இணைக்கப்படாமலோ இருத்தல் வேண்டும். தேர்ச்சி பெற்ற மின்வேலையாளர் ஒருவர் வந்து திருத்தும்வரை அப்பெட்டியின் செருகியைக் கழற்றியே வையுங்கள். கழற்றுமுன் பிரதான ஆளியை அணைப்பதும், உலர்ந்த செருப்போடு நிற்பதும் நலம். மழையில் மட்டும் சுவிட்ச் விழுவதால், கூரை ஒழுக்கு வந்து சேரும் இடங்களில் உள்ள கம்பிகளையும், வெளிவிளக்கையும் பார்ப்பிக்க வேண்டும். சுவிட்சில் உள்ள பரீட்சைப் பொத்தானை மாதந்தோறும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் அது விழாவிடில், காவலன் உறங்கிவிட்டான் என்று அறிந்து உடனே மாற்றுங்கள்.

மற்றை நேயர்களுக்கும் ஒரு சொல். மூன்று துளைச் செருகுவாயின் மேற்றுளையில் ஈர்க்கையோ பேனாவையோ குத்தி, இருமுள் செருகியைத் திணிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அம்மேற்றுளை நிலக்கம்பிக்கு உரியது. உலோக உடல் கொண்ட கருவிக்கு அதனை இல்லாதாக்குவது, உயிர்காக்கும் வழியை அடைப்பதாகும். குளிர்ந்த விடியற்காலையில் வாளியில் கொயிலைப் போட்டு நீர் சூடாக்குவோர், செருகியைக் கழற்றிய பின்னரே நீரில் கைவைக்க வேண்டும். பலாக்காய் பறிக்க நீண்ட கொக்கைத்தடியை உயர்த்துமுன் மேலே கம்பி செல்கிறதா என்று பாருங்கள். ஈர மூங்கிலும் கடத்தும். காட்டுப்பன்றிக்கென்று தோட்டத்தைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சிய கம்பி கட்டுவது சட்டத்துக்கும் மாறானது. பன்றியென்றும் பிள்ளையென்றும் அக்கம்பி அறியாது.

விபத்து நேர்ந்துவிட்டால்

மின்சாரம் பற்றியவரைத் தொடாதீர்கள். தொட்டால் நீங்களும் அவ்வட்டத்தில் ஒருவராவீர்கள். முதலில் பிரதான ஆளியை அணையுங்கள். அது இயலாதெனின், உலர்ந்த பலகைமீது நின்று, உலர்ந்த மரத் தும்புத்தடியால் கம்பியை விலக்குங்கள். வீதியோர உயர் அழுத்தக் கம்பி அறுந்து வீழ்ந்திருப்பின் இந்த உபாயமும் செல்லாது. நிலத்திலேயே அடிக்கு அடி அழுத்தம் வேறுபடும். ஆதலின் தூரத்தில் நின்று மின்சாரம் வழங்குவோருக்கு அறிவிப்பதே வழி. அருகே அகப்பட்டுக்கொண்டால், இரு பாதங்களையும் ஒன்றாகச் சேர்த்து, சிறிது சிறிதாக நகர்ந்து விலகுங்கள்.

விடுவித்தபின் அவர் மூச்சின்றிக் கிடந்தால், 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து இலவச நோயாளர் வண்டியை அழைப்பியுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். மணலில் புதைப்பதும், சாணம் பூசுவதும், நீர் பருக்குவதும் வீண் காலப்போக்கு. எழுந்து நடந்தாலும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ, அண்மையிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ அழைத்துச் சென்று, இதயத்தைச் சோதிப்பியுங்கள்.

அம்மா, போயா விடுமுறைக்கு அயலவர் வந்தால் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து நன்றி கூறி அனுப்பிவிடுங்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார். அடுத்த முறை சுவிட்ச் விழுந்து வீடு இருண்டால் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள். தேடியது கிடைத்ததும் எமக்கும் ஒரு வரி எழுதுங்கள்.